பொயின்டின் லென்ஸும் துரையின் முகமும்

சப்ரகமுவ மாகாணத்தில் பொயின்டைப் போல நல்ல மனிதர்களைப் புகையாக்கிய போட்டோக்காரன் வேறு எவனும் கிடையாது. மாப்பிள்ளைமார், மாமன்மார், ஒரு பிரதேச சபை உறுப்பினர், கடைசியில் ஒரு தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற துரை. எல்லாரும் அவன் கெமராவுக்கு முன்னால் ஆளாக வந்து நின்று, படத்தில் புகையாகப் போனவர்கள்.

அவனுடைய சொந்தப் பெயர் சம்பளம் கொடுத்த எனக்கே மறந்துவிட்டது. சீனாவில் புதிதாக முளைத்த ஏதோ ஒரு கம்பெனியின் லென்ஸை வாங்கிய நாளிலிருந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் "பொயின்ட் நைன் ஃபைவ்" என்று சொல்லித் திரிந்தான். லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதற்கான கணக்கு அது. எண் சிறுக்கச் சிறுக்க வாய் பெருக்கும். ஆளும் அப்படித்தான், சின்ன உருவம், பெரிய வாய்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, பலாங்கொடை டவுனில் ஒரு ஸ்டூடியோவைக் கூட்டிப் பெருக்கி, பிறகு அந்த ஸ்டூடியோவையே வாங்கி மேல்மாடியும் கட்டியவன். சுற்றுவட்டத் தோட்டங்களில் என் ஆள் வந்து படம் பிடிக்காவிட்டால் தாலி ஏறாது. எனவே லென்ஸைப் பற்றி எனக்கு எவனும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. புதுக் கம்பெனிகளின் அந்த விலை கூடிய லென்ஸுகளை வாங்கலாமா என்று என் தங்கச்சி மகன் கேட்டதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பொயின்ட் நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். கல்யாணத்துக்கென்று கட்டி வந்த சீட்டு விழுந்ததும், பெண் பார்க்கப் போகாமல் கொழும்புக்குப் போய் அந்த லென்ஸோடு திரும்பினான். அம்மிக் குழவி கனம். தானாகத் தெளிவு பிடிக்கத் தெரியாது. வளையத்தைக் கையால் திருகித் திருகித்தான் பிடிக்க வேண்டும். அதே காசில் தானாகப் பிடிக்கிற நல்ல லென்ஸ் ஒன்று வாங்கி, மிச்சத்தில் வரப்போகிறவளுக்கு ஒரு சேலையும் எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். "சேலை வெளுத்துப் போயிரும்ணே" என்றான். லென்ஸுக்குக் கைக்குழந்தைகள் போடுகிற கம்பளிக் குல்லா ஒன்று வாங்கி மாட்டினான். பஸ்ஸில் அதை மடியில் வைத்து அவன் தடவிக்கொண்டு வருவதைப் பார்த்து, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்ட பெண்கள் உண்டு.

அகலமாகத் திறக்கிற லென்ஸினால் லாபம் இல்லாமல் இல்லை. லயத்து அறையான காம்பராவுக்குள் எரிகிற ஒற்றை பல்பே போதும், பிளாஷ் வேண்டாம். நஷ்டம் என்னவென்றால், மூக்கைப் பிடித்தால் காது போய்விடும். விரலகலத்துக்குத் தெளிவு, அதற்கு முன்னும் பின்னும் மார்கழிப் பனி. வாயைக் கொஞ்சம் சுருக்கி வைத்துப் பிடித்தால் எல்லாரும் தெரிவார்கள்தான். சொன்னேன். "மூடி வைக்கவாண்ணே இவ்வளவு காசு குடுத்தேன்?" என்றான்.

ஒரு தோட்டத்தில் சடங்கு வீடு. தாய்மாமன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். படத்தில் தட்டிலிருந்த அன்னாசிப்பழம் முள் முள்ளாகத் தெரிந்தது. தாய்மாமன் தெரியவில்லை. மனிதர் கடைக்கே வந்து, "அன்னாசிதான் சீர் செஞ்சுச்சா?" என்று கேட்டார். குருவிட்டவில் ஒரு சிங்களக் கல்யாணம். மாப்பிள்ளை ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூண கோ மல்லி?" என்றார், முகம் எங்கே தம்பி என்று. பொயின்ட் சளைக்காமல் மணப்பெண்ணின் கண்ணிமையைத் தொட்டுக் காட்டினான். மயிர் மயிராக எண்ணலாம். அதற்குப் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை கஞ்சி ஆவியாக இருந்தார். அந்தக் குடும்பம் பிறகு என் கடைப் பக்கமே வரவில்லை.

போன வருஷம் என் அம்மா காலமானார். மேல்மாடியில் குளியலறையோடு அறை கட்டிக் கொடுத்தும் லயத்தை விட்டு வராத பிடிவாதக்காரி. சவப்பெட்டியை லயத்து இஸ்தோப்பில், முன் திண்ணையில், வைத்தோம். எங்கள் பக்கத்தில் பெட்டியைச் சுற்றி எல்லாரும் நின்று ஒரு படம் பிடிக்காமல் பிணத்தை எடுப்பதில்லை. அன்றைக்கு வந்து நின்றவர்கள் யார் தெரியுமா? இரத்தினபுரி மாணிக்கக்கல் வியாபாரி ஹாஜியார், கோயில் தலைவர், தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர், எல்லாருக்கும் மேலாகத் தோட்டத்துத் துரை. பறித்த கொழுந்து குறைந்ததென்று முன்பிருந்த துரை ஒருவர் என் அம்மாவை மழையில் நிற்க வைத்ததை நான் கண்ணால் பார்த்தவன். அதே பங்களாவில் இருக்கிற துரை இன்று அவள் தலைமாட்டில் நிற்கிறார். அந்தப் படம் எனக்கு வேண்டும். சுவரளவு பெரிதாக்கி, கடைக்கு வருகிறவன் எல்லாம் பார்க்கிற மாதிரி மாட்ட வேண்டும். பொயின்டை ஓரமாகக் கூப்பிட்டு, பழைய லென்ஸையும் பிளாஷையும் போட்டு, துரையின் முகம் பளிச்சென்று விழும்படி பிடிக்கச் சொன்னேன். தலையை ஆட்டினான்.

கருமாதி முடிந்து கடையில் கம்பியூட்டரைத் திறந்தான். அவன் தலையாட்டலின் லட்சணம் அப்போது தெரிந்தது.

"தொரை எங்கடா?"

"இருக்காருண்ணே. அந்தா, எடது பக்கம் நிக்கிற சாம்பக் கலரு."

"அது தொரையா, தூணா?"

"தூணு அவருக்கு அங்கிட்டு."

அம்மாவின் முகம் மட்டும் இருந்தது. காதோரத்து நரை ஒவ்வொன்றாக. உச்சி நெற்றியில் கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்திய தடம். மற்றதெல்லாம் பனி.

"எவ்வளவு பெரிய மனுசங்க வந்து நின்னாங்க. ஒருத்தன் மூஞ்சி தெரியுதாடா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டான். "ஏண்ணே, பெட்டிக்குள்ள படுத்திருந்தது தொரையா?"

வேறு முதலாளியாக இருந்தால் அடித்திருப்பான். படத்தை அழித்துவிட்டுப் போ, நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று மட்டும் சொன்னேன். அவன் அழிக்கவில்லை. கெமராவையும் படம் இருந்த கார்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நல்லவேளை, தங்கச்சி மகன் போனில் பிளாஷ் போட்டு ஒரு படம் பிடித்திருந்தான். எல்லாரும் பளிச்சென்று இருந்தார்கள். பெரிதாக்கி மாட்டினேன். மாட்டிய பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். துரை கைமணிக்கூட்டைப் பார்க்கிறார். கோயில் தலைவர் கொட்டாவி விடுகிறார். பெரிய கிளாக்கர் போனுக்குள் குனிந்திருக்கிறார். அம்மாவின் முகம் பிளாஷ் பட்டு வெள்ளைத் தாள் மாதிரி. ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது.

பொயின்ட் இப்போது குருவிட்டவில் மாணிக்கக்கல் படம் பிடிக்கிறான் என்கிறார்கள், கொழும்பில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான் என்றும் சொல்கிறார்கள். நான் விசாரித்தேன் என்று நினைக்காதீர்கள். காதில் விழுந்தது.

ஆகவே, தம்பிமாரே, அந்த லென்ஸை வாங்காதீர்கள். கல்யாணத்துக்கு உதவாது, சடங்குக்கு உதவாது, பெரிய மனிதர்களுக்குச் சுத்தமாக உதவாது. அனுபவப்பட்டவன் சொல்கிறேன். ஏற்கெனவே ஒன்றை வாங்கித் தொலைத்துவிட்டு, எங்கேயோ சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவன் இதைப் படித்தால், அவனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கடை காலையில் எட்டு மணிக்குத் திறக்கிறது. நான் ஏழரைக்கே வந்து உட்கார்ந்திருப்பேன்.