குதிரையாகத் தாண்டிய ராஜா

ஒரு புத்தகத்தை முக்கால்வாசி மட்டும் படித்தவனை எந்த வீட்டுக்கும் பெண் பார்க்க அனுப்பக் கூடாது. நான் படித்தது பதினான்கு பக்கங்களில் பதினொன்று. சதுரங்கத்தைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம். சேலத்தில் என்னோடு வேலை பார்த்த வாத்தியார் இரவல் கொடுத்தது. ஆரம்பத்திலேயே சிப்பாய்களை வலியக் கொடுத்துவிடு, எதிரி அவற்றைத் தின்று கொண்டிருக்கும்போது ராஜாவின் மேல் பாய்ந்துவிடு என்றது. எனக்கு அது வேதவாக்கு.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு இருபத்தாறு வயது. அப்பாவும் நானும் மாட்டு வண்டியில் சேந்தமங்கலம் போய் இறங்கினோம். பெண்ணின் பெயர் பாவாயி. பலகாரத் தட்டை வைத்துவிட்டு ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். (தட்டில் அதிரசம் ஆறு. நான் தின்றது ஒன்றே ஒன்று.) கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

அவள் அப்பாவுக்குச் சதுரங்கப் பைத்தியம். வருகிற மாப்பிள்ளையோடு ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்துத்தான் பதில் சொல்வாராம். எனக்கு முன் நான்கு பேர் தோற்றுத் திரும்பியிருந்தார்கள். ஆகவே ஜெயித்தால் பெண் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

முதல் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன்.

"ஒரு கட்டந்தானுங்க தம்பி" என்றார். "எங்கூருச் சிப்பாய் நடந்துதான் போவான், ஓடமாட்டான்."

அந்த ஊர் ஆட்டத்தில் வேறென்ன வித்தியாசம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. (படித்த திமிர்!) ஒன்பது நகர்த்தலுக்குள் மூன்று சிப்பாய்களைக் கொடுத்தேன்.

"ஏனுங்க, இதையும் எடுத்துக்கலாமுங்களா?"

"தாராளமா எடுத்துக்குங்க மாமா."

(வெற்றிலை பாக்கு மாற்றவில்லை, அதற்குள் மாமா!)

ஒரு குதிரையையும் கொடுத்தேன். அவருடைய ராஜா வகையாக மாட்டிக்கொண்டது. "அடுத்த நகர்த்தல்ல உங்க ராஜா காலிங்க" என்று அறிவித்துவிட்டு மீசையைத் தடவினேன். அதில் அப்போது பதினேழு முடி இருந்திருக்கும்.

அவர் நிதானமாக ராஜாவை எடுத்தார். குதிரை மாதிரி ஒரே தாண்டு. ராஜா பத்திரமான இடத்தில் போய் உட்கார்ந்தது.

"கள்ளாட்டம்!" என்று கத்தினேன். அப்பாவின் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது.

"ராஜா ஒருக்கா குதிரையாட்டத் தாண்டிக்கலாமுங்க தம்பி. உங்கூரு ராஜாவுக்குக் காலு இல்லீங்களா?"

பிறகு நடந்தது ஆட்டமல்ல, அறுவடை. கடைசியில் அவரிடம் பதின்மூன்று காய்கள். என்னிடம் ராஜாவோடு சேர்த்து மூன்று.

"கேக்காமயே மூணு சிப்பாயக் குடுத்தவரு, எம் புள்ளைய எப்படிங்க காப்பாத்துவாரு?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வாடா, வண்டியப் பூட்டலாம்" என்றார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பாவாயியின் குரல் கேட்டது.

"அப்பா, மின்னாடி வந்த நாலு பேரும் உங்களுக்குப் பயந்துக்கிட்டு வேணும்னே தோத்தாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இவரு நெசமா ஆடி நெசமாத் தோத்திருக்காருங்க."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி சாமி, உட்காருங்க. அதிரசம் இன்னும் அஞ்சு கெடக்குது."

கல்யாணமாகி ஐம்பத்தெட்டு வருஷமாகிறது. எதற்கெடுத்தாலும் 'இனி அவ்வளவுதான்' என்று பதறுவது என் சுபாவம். பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானாலும் பதறுவேன். உடனே பேரன் பேத்திகள் ஏழு பேரும் கோரஸாக, "ராஜா இன்னும் தாண்டலீங்க தாத்தா!" என்பார்கள்.

போன வாரம் காய்ச்சல். நாடியை எண்ணினேன், தொண்ணூற்றாறு. "பாவாயி, என் கதை முடிஞ்சுது" என்றேன்.

அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பாராமல், "ராஜா இன்னும் தாண்டலீங்க" என்றாள்.

எழுந்து உட்கார்ந்து நான்கு இட்லி தின்றேன்.