நாலு டிகிரியில் ஒரு பெட்டி

ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் செருகியிருந்த தெர்மாமீட்டர் ஏழு டிகிரி காட்டியது. மெக்கானிக் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். ஏழேதான்.

ஏழு ஒன்றும் குற்றமில்லை. இரண்டிலிருந்து எட்டு வரை இருக்கலாம் என்று ஊசிப்பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். ஆனால் இவர் இருபத்திரண்டு வருஷமாக ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். சும்மா இருக்க வருமா?

பெட்டிக்குள் இருப்பது மனைவியின் மூட்டுவாத ஊசி. பதினைந்து நாளைக்கு ஒன்று. மதியம் பன்னிரண்டு மணிக்கு அவள் டிப்போவிலிருந்து வருவாள், இவர் போட்டுவிடுவார். மூன்று மணிக்கு அவளுக்கு டெஸ்ட். மறுபடி பஸ் ஓட்டலாமா, இல்லை ரிட்டயர் ஆகும்வரை விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து "எட்டாம் நம்பர் இப்பத்தான் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதானா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

பதினாலு வருஷம் பஸ் ஓட்டியவள். போன வருஷம் ஒரு காலையில் விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முட்டி. அத்தனை பெரிய ஸ்டியரிங்கைச் சுழற்றிய கை, ஒரு டம்ளரைத் தூக்கத் தவித்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் மெக்கானிக் வீட்டில் இருந்த டம்ளர்களை எல்லாம் பிளாஸ்டிக்காக மாற்றினார். வேறென்ன செய்யத் தெரியும் அவருக்கு?

டாக்டரம்மாதான் புரிய வைத்தார். "உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரன், ஆளு தெரியாம வீட்டுக்காரங்களையே போட்டு அடிக்கிறான். இது அந்த வியாதி. முன்னெல்லாம் மொத்தக் காவலையும் அடக்கி வைக்கிற மருந்துங்களைத்தான் நம்பியிருந்தோம். இப்ப, அவனை உசுப்பிவிடுற அந்த ஒரு தகவலை மட்டும் நடுவழியில பிடிச்சு நிறுத்துற மருந்து வந்திருக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்கும்னு சொல்ல மாட்டேன். போட்டுப் பார்ப்போம்."

இவளுக்குக் கேட்டது. ஐந்தாவது ஊசிக்கு அப்புறம் ஒருநாள் ஜாம் பாட்டில் மூடியைத் தானே திருகித் திறந்துவிட்டு, "என்னங்க இது, திறந்துடுச்சு!" என்று கத்தினாள். மெக்கானிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். "எங்கேயோ ஒரு லேப்ல உக்காந்து இதைக் கண்டுபிடிச்சவங்க யாரு பெத்த பிள்ளைங்களோ, நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்று அன்றிலிருந்து தினமும் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வார். சாமிக்குச் சொல்வதுபோலச் சொல்வார்.

"இனிமே நீங்களே போட்டுக்கலாமே" என்று டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தார். மெக்கானிக் விடவில்லை. இத்தனைக்கும் போன தடவை ஊசி போடும்போது நடுங்கியது அவருடைய கைதான்.

சரி, ஏழு டிகிரி. அஞ்சுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தெர்மோஸ்டாட்டை ஒரு திருகு திருகினார். 'டக்' என்றது. இன்னொரு திருகு. 'கர்ர்ர்' என்று இழுத்து, கம்ப்ரஸர் மொத்தமாக அடங்கிவிட்டது. ஊரில் பாதி ஃபிரிட்ஜைப் பிழைக்க வைத்தவர், தன் வீட்டு ஃபிரிட்ஜைத் தன் கையாலேயே கொன்றுவிட்டார்.

தெர்மாமீட்டர் ஏழரை காட்டியது. மணி ஒன்பது.

பெட்டியை ஒரு குளிர்ப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு பூக்கடைக்கு ஓடினார். அங்கே கண்ணாடிக் கதவு வைத்த பெரிய குளிர்ப்பெட்டி இருக்கிறது. இவர் பராமரிப்பதுதான். சரியாக ஐந்து டிகிரி.

"அக்கா, ரோஜாவுக்குப் பின்னாடி இதை வெச்சுக்கறேன். மதியம் எடுத்துக்குவேன்."

"தாராளமா வையுங்க தம்பி" என்றாள் பூக்கடைக்காரி.

வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் தெர்மாமீட்டர் ஏறுகிறதே! ஸ்டூலைப் போட்டுக் கதவின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"சார், அந்த வெள்ளைப் பூ ஒரு கொத்து..."

"இப்பத்தானே ஒருத்தர் திறந்தாரு? பத்து நிமிஷம் கழிச்சு வாங்க."

"கல்யாணத்துக்கு நேரமாச்சு சார்!"

"கல்யாணம் பத்து நிமிஷம் தள்ளி நடந்தா ஒண்ணும் கெட்டுப் போயிடாது. மருந்து கெட்டுப் போயிடும்."

மூன்றாவது ஆள் கோபித்துக்கொண்டு போனதும் பூக்கடைக்காரி பெட்டியையும் தூக்கி, ஸ்டூலையும் உருவினாள். "தம்பி, உங்க சம்சாரம் கை நல்லாகட்டும். என் கடை நடக்கட்டும். கிளம்புங்க."

மணி பத்தரை. தெருவில் நின்று மெக்கானிக் யோசித்தார். இந்த ஊரில் யாருமே அடிக்கடி திறக்காத, வெப்பம் கூடாத, உத்தரவாதமான நாலு டிகிரி எங்கே கிடைக்கும்?

போன மாதம் அவரே ரிப்பேர் செய்த இடம்தான். ஆஸ்பத்திரிப் பிணவறை.

"அண்ணே, பெட்டிதானே? மூணாம் தட்டு காலியாத்தான் இருக்கு" என்றார் பிணவறைக் காவலர். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். உள்ளே போவது எதுவானாலும் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும், அடையாள அட்டை கட்ட வேண்டும். பெட்டியில் ஒட்டியிருந்த மருந்துக்கடைச் சீட்டைப் பார்த்து, அதிலிருந்த பெயரையும் போன் நம்பரையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். மெக்கானிக் நிம்மதியாக வாசல் பெஞ்சில் சாய்ந்தார். நாலு டிகிரி!

பதினொன்றரைக்கு எழுந்து, "குடுங்க அண்ணே, கிளம்பறேன்" என்றார்.

"நெருங்கின சொந்தம் யாராவது வந்து கையெழுத்துப் போடணுமே."

"நான்தான்யா புருஷன்!"

"எனக்கு உங்களை மெக்கானிக்காத் தெரியும். புருஷனாத் தெரியாது. பேப்பர் இருக்கா?"

"ஊசிப்பெட்டிக்கு என்னய்யா பேப்பர்?"

"ரிஜிஸ்டர்ல பேரு ஏறிடுச்சுண்ணே. பேரு ஏறினா அது ஆளுதான்." சொல்லிக்கொண்டே காவலர் சீட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரையும் தட்டினார். மெக்கானிக் பாய்ந்து தடுப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"பிணவறையிலேருந்து பேசறேன்மா. இந்தப் பேர்ல ஒருத்தங்க எங்க மூணாம் தட்டுல இருக்காங்க. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அந்தப் பக்கம் மனைவி தன் பேரைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அது நான்தாங்க."

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு. நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க."

"ஏம்மா, பயப்படாதே, நான்தான் இங்க..." என்று மெக்கானிக் அலறினார்.

"ஏங்க! நீங்க அங்க என்ன பண்றீங்க? நகராதீங்க. எதையும் தொடாதீங்க. இதோ வர்றேன்."

மணி பன்னிரண்டைத் தாண்டியது. மெக்கானிக் நகத்தைக் கடித்தார். நேரத்துக்குப் போடாவிட்டால் விரல் திரும்ப முறுக்கிக்கொள்ளும், டெஸ்ட் போய்விடும், எல்லாம் தன்னால்தான். ஏழு டிகிரியிலேயே விட்டிருக்கக்கூடாதா பாவி மனுஷா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அப்போது ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் ஒரு முழுநீள பஸ் நுழைந்தது. இரண்டு ஆம்புலன்ஸ்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் ஒரு ஜாண் இடைவெளி விட்டு, ஒரே இழுப்பில் ரிவர்ஸ் எடுத்து நின்றது. 'யாருடா இந்த ஆளு, இப்படி ஓட்டறான்!' என்று கவலையை மறந்து மெக்கானிக் வாயைப் பிளந்தார். டிரைவர் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி குதித்தாள். ஆமாம், குதித்தாள். பின்னாலேயே, டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டரம்மா இறங்கினார். சிரித்ததாகச் சரித்திரமே இல்லாதவர்.

"இன்ஸ்பெக்டரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, அவசரத்துல வண்டியை எடுத்துட்டா. மூணு மணி டெஸ்ட்டை மட்டும்..." என்று மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். போன வருஷம் கட்டைவிரல் ரேகை வைத்தவள். இன்றைக்குக் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி முழுப்பெயரையும் எழுதினாள். மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது.

"சீக்கிரம் குடுய்யா, நேரமாச்சு!"

"உள்ளே போனதுதான் வெளியே வருதான்னு பார்க்கணும்ணே. அதுவும் சட்டம்."

"திறக்காதேய்யா, வெளிச்சம் படக்கூடாது! நானே காலையிலேருந்து திறக்கலை!"

காவலர் திறந்துவிட்டார். உள்ளே, பஞ்சில் பத்திரமாகச் சுற்றி, நாலு டிகிரி குளிர்ச்சியில் ஒரு டீஸ்பூன் இருந்தது.

"எடை குறைஞ்சா கண்டுபிடிச்சுடுவீங்களேன்னு வெச்சேன்" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல். "சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேங்க."

"அப்ப ஊசி?"

இன்ஸ்பெக்டரம்மா சரித்திரத்தை மாற்றிச் சிரித்தார். "ஊசியை உங்க சம்சாரம் காலைல எட்டு மணிக்கே லேடீஸ் ரூம்ல என் எதிர்ல தன் கையாலயே போட்டுக்கிட்டாங்க, அந்தப் பிடியைப் பார்த்துட்டு மூணு மணி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு அப்பவே டெஸ்ட் வெச்சுப் பாஸும் போட்டுட்டேன், இப்ப நான் வந்தது டெஸ்ட் எடுக்க இல்லைங்க, டிக்கெட் எடுத்து!"