எண்ணெய் காணாத வீடு

ஜெயவேலுவின் தட்டில் வேகவைத்த பீன்ஸ். அதில் குற்றமில்லை, பித்தப்பையில் கல் வைத்துக்கொண்டிருக்கிறவன் அதைத்தான் தின்றாக வேண்டும். ஆனால் தனலக்ஷ்மியின் தட்டிலும் அதே வேகவைத்த பீன்ஸ். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“கல்லு எனக்கு. நீ இன்னாத்துக்குமே இத்தத் துன்ற?”

“உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு தபா அடுப்பாண்ட நிக்கச் சொல்றியா? பேசாமத் துன்னுய்யா.”

ஜெயவேலு தங்கவயல் சுரங்கத்தில் பாறை உடைத்த ஆள். சுரங்கத்தை இழுத்து மூடிய பிறகு பெண்சாதியோடு பெங்களூர் ஆடுகோடிக்கு வந்து, ஒரு ஒர்க்‌ஷாப்பில் வாட்ச்மேன் வேலை பார்த்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். பூமிக்குள் பாறை வெடித்துச் சரிவதை அங்கே ஏர்பிளாஸ்ட் என்பார்கள். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகைச் சுற்றிக்கொண்டு தோள்பட்டைக்கு ஏறும் இந்த வலிக்கும் அவர் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது பெரிய கூத்து. கவுண்டரில் இருந்த நர்ஸ் சிந்து, “இன்னும் நாலு மாசம் ஆகும் அஜ்ஜா,” என்றாள். அந்தக் கன்னடத்துப் பெண்ணுக்கு வயசான ஆம்பிளைகள் எல்லாரும் அஜ்ஜாதான். ஜெயவேலு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். துட்டு வாங்கிக்கொண்டு ஆளை முன்னே தள்ளுகிறீர்கள் என்றார். அதே வேகத்தில் வெளியே போய் டீக்கடையில் நின்றார். கவுண்டரிலேயே நின்றுவிட்ட தனலக்ஷ்மி கொஞ்ச நேரம் கழித்து வந்து, அடுத்த மாசமே தேதி என்றாள்.

“பாத்தியா? சத்தம் போட்டாத்தான் இவனுங்க மசிவானுங்க.”

“ஆமாமா. அப்பிடியே நடுங்கிட்டாங்க.”

டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் வலி வந்து காய்ச்சலும் கண்டால் பை வீங்கிக்கொள்ளும், அன்றைக்குக் கத்தி வைக்க முடியாது, தேதி போய்விடும். அதனால்தான் வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தமே நின்றுபோயிருந்தது.

அதற்காக ஒரு கல்லுக்கு இரண்டு பேர் வாயைக் கட்டுவதா? ஜெயவேலு சாயந்திரமே போய்த் தெருமுனை யுவனின் பலகாரக் கடையிலிருந்து சூடாக போண்டா வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார்.

“பசியில்லய்யா.”

“என்னால நீ காயறது எனக்கு ஒப்பல. துன்னு. நான் அந்தாண்ட திரும்பிக்கறேன்.”

அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றை எடுத்துத் தின்றாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மாடிப்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாமே?”

“ஒண்ணுமில்ல. துணி பிழிஞ்சேன், தோள் புடிச்சிக்கிச்சி.”

துணி பிழிந்தால் நெற்றி இப்படியா வியர்க்கும்? ஜெயவேலுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேரே யுவன் கடைக்குப் போனார்.

“டேய், எத்தினி நாள் எண்ணெய்டா இது?”

“காலைல ஊத்துனது, பெரீப்பா.”

“எந்தக் காலைல?”

கடையில் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

கடை எண்ணெயை நம்பக் கூடாது என்று அடுத்த வாரம் நெய்யில் செய்த மைசூர்பாகு வாங்கினார். நெய் மருந்தல்லவா. தனலக்ஷ்மி ஒரு துண்டு தின்றுவிட்டு, பக்கத்து வீட்டு லவினாவைப் பார்க்கப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. ஜெயவேலு போய்க் கதவைத் தட்டினார். லவினா கதவைப் பாதி திறந்து, மீதியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆன்ட்டி சீரியல் பாக்கறாங்க அங்கிள்.”

“சத்தத்தக் காணோம்?”

“மியூட்ல பாக்கறாங்க.”

இந்த வீட்டில்தான் கண்டதையும் கொடுத்து இவளைக் கெடுக்கிறார்கள் என்று ஜெயவேலு முடிவுகட்டினார். இனி யாரையும் நம்புவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை தானே கறிக்கடைக்குப் போய் ஆட்டுக்குடல் வாங்கி, தானே கழுவி, தானே மிளகு இடித்துப் போட்டு போட்டி வறுத்தார். உப்புப் பார்க்க ஒரு துண்டு வாயில் போட்டார். காரம் பார்க்க இன்னொன்று.

“துன்னுமே. நானே செஞ்சது.”

நானே செஞ்சது என்று அவர் சொன்னபோது தனலக்ஷ்மிக்குக் கண் கலங்கியது. தட்டைக் காலி செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெயவேலுவுக்கு ஏர்பிளாஸ்ட் வந்தது. இது இவளுக்குத் தெரிந்தால் டாக்டருக்குத் தெரியும், தேதி போகும். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முனகிக்கொள்வதுதான் அவர் வழக்கம். விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாமே பண்ற உள்ள?”

“துணி தொவைக்கறேன்.”

“சீக்கிரம் வா.”

“அவசரம்னா லவினா வூட்டுக்குப் போய்யா.” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

ஜெயவேலு கதவுக்கு வெளியே சாய்ந்து உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டார். சாப்பிட்ட கையோடு துணி துவைக்கிற பொம்பளையை என்னவென்று சொல்வது.

நல்லவேளையாகக் காய்ச்சல் வரவில்லை. சொன்ன தேதிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிவிட்டார். தனலக்ஷ்மி பக்கத்தில் நின்று அவர் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். சிந்து கையில் ஊசி போட இடம் தேடினாள்.

“எனக்கு ஒண்ணும் பயமில்லமா,” என்றார் ஜெயவேலு. “அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல தேதி குடுத்தீங்க பாரு, அதுவே போதும். இது முடியட்டும். எனக்காகப் பட்டினி கெடந்தா பாரு இவ, இவளுக்கு டெய்லி போட்டி வறுத்துப் போடப்போறேன்.”

சிந்து தனலக்ஷ்மியைப் பார்த்தாள். தனலக்ஷ்மி வேட்டியை மறுபடி பிரித்து மடித்தாள்.

“ஒரு மூணு மாசம் பொறுங்க அஜ்ஜா,” என்றாள் சிந்து. “இது அவங்க கல்லுக்குக் குடுத்த தேதி; சொன்னா நீங்க கட்டில்ல ஏற மாட்டீங்கன்னு கம்முனு உங்களோட நாலு மாசத் தேதிய அவங்க எடுத்துக்கிட்டாங்க.”