வேப்பிலைத் தடையுத்தரவு

ஏப்ரல் பதினெட்டு, காலை ஏழே முக்கால். திருப்பரங்குன்றத்தில் ஹாலாஸ்யத்தின் சொந்த வீட்டுக் கதவில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. குடியிருப்பவர்களை வெளியேற்ற உத்தரவோடு வந்த கோர்ட்டு ஆமீன் சிவனாண்டி, அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"கதவைத் தட்டுங்கோ," என்றார் ஹாலாஸ்யம்.

"ஆத்தா வந்திருக்கா சாமி."

"உத்தரவு உங்க கையில இருக்கு."

"இருக்கு. ஜட்ஜ் ஐயா போட்டது. உள்ள இருக்கிறவ அவருக்கும் மேல."

"நாடகம்யா! இந்தக் கருத்தக்கண்ணன் நாலு வருஷமா வாய்தா வாங்கறான். மாமனார் செத்துட்டார்னு ரெண்டு தடவை வாங்கியிருக்கான். ஒரே மாமனார்!"

"மாமனார் விசயத்துல பொய் சொல்லலாம் சாமி. வேப்பிலையில யாரும் சொல்ல மாட்டாக."

உள்ளே பேச்சுச் சத்தம் இல்லை. கருத்தக்கண்ணன், மனைவி சோலையம்மாள், ஆறு வயது மகள், மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். வாசற்படியில் ஒரு ஜோடி சின்ன ரப்பர் செருப்பு.

"நாடகத்துக்குக் குழந்தை செருப்பைக்கூட எடுத்து வெச்சிருக்கான் பாருங்கோ," என்றார் ஹாலாஸ்யம்.

சிவனாண்டி வாரண்டின் பின்பக்கத்தில், 'அம்மை கண்டிருப்பதால் நிறைவேற்ற இயலவில்லை' என்று எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

ஹாலாஸ்யம் ஜனவரியில் ஓய்வு பெற்றவர். ஏப்ரல் முப்பதுக்குள் அரசுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பென்ஷன் காகிதம் நகராது. செய்தால், போக இருந்த ஒரே இடம் அந்த வேப்பிலைக்குப் பின்னால் இருந்தது.

வக்கீல் விஸ்வேஸ்வரன் கையை விரித்தார். "மூணாவது தண்ணி ஊத்தற வரைக்கும் யாரும் உள்ள போக மாட்டா ஓய். இருபத்தெட்டோட கோடை லீவுக்குக் கோர்ட் மூடிடும். இனிமே ஜூன்தான்."

"அதுவரைக்கும்?"

"குவார்ட்டர்ஸ்லயே இரும்."

மறுநாள் குவார்ட்டர்ஸுக்கு மலையாண்டி வந்தான். ஹாலாஸ்யத்தின் பழைய ஆபீஸ் பியூன். குழாய்களையும் பல்புகளையும் எண்ணிக் குறித்துக்கொண்டான்.

"இங்க புதுசா வர்றவரு திங்கக்கிழமையே சாமானோட வாராருங்கய்யா."

"முப்பது வரைக்கும் எனக்கு டைம் இருக்கேடா?"

"இருக்குங்கய்யா. ஆனா அவரு அதிகாரிக்கு மச்சினன்."

ஹாலாஸ்யம் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் விடிகாலையில் வேப்பிலை ஒடித்து வந்து தன் குவார்ட்டர்ஸ் கதவில் செருகினார்.

"அம்பாளோட விளையாடப்படாதுன்னா," என்றாள் மனைவி விஜயம்.

"அவன் விளையாடலையா?"

இருபத்திரண்டு வயது மகள் ஸ்யாமளா படுக்கவைக்கப்பட்டாள்.

"எத்தனை நாளுக்குப்பா?"

"வேற வழி கிடைக்கற வரைக்கும்."

திங்கட்கிழமை மச்சினனின் லாரி தெருமுனையோடு திரும்பிப் போயிற்று. மலையாண்டி கேட்டுக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான்கு வருஷத்தில் ஹாலாஸ்யம் கண்ட முதல் வெற்றி அது.

அன்று மாலையே பால்காரர் நின்றுபோனார். எதிர்வீட்டு ரெங்கம்மாள் இரண்டு வேளையும் கூழ் கொண்டுவந்து கேட்டில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மூக்கை உயர்த்தி நின்றாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. விஜயம் தாளிக்கவில்லை. ஹாலாஸ்யம் சவரம் செய்யவில்லை. மூவரும் கூழைக் குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தபால்காரர் கேட்டுக்கு வெளியே நின்றே ஒரு கவரை உள்ளே எறிந்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து. புதன் காலை பத்து மணிக்கு ஸ்யாமளாவுக்கு இன்டர்வியூ. பெயரைப் பதிந்து வைத்து மூன்று வருஷத்தில் வந்த முதல் அழைப்பு.

"பின்பக்கமாப் போயிட்டு வந்துடறேம்ப்பா."

"ரெங்கம்மாள் பார்த்துட்டா ஊரே பார்த்த மாதிரி. வீடும் போயிடும், பென்ஷனும் போயிடும்."

ஸ்யாமளா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். புதன்கிழமை முழுதும் அப்படியே கிடந்தாள். அன்றைக்குத்தான் அவளைப் பார்க்க நிஜமான நோயாளி மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் சிவனாண்டி வந்தார். கேட்டுக்கு நாலடி முன்பே செருப்பைக் கழற்றினார்.

"சாமி, கருத்தக்கண்ணன் காலி பண்ணிட்டாரு. சாவியக் கோர்ட்டுல குடுத்துட்டாக. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு வாங்கணும். விட்டா ஜூன்தான்."

"நாடகம் முடிஞ்சுதா? நான்தான் சொன்னேனே!"

சிவனாண்டி தரையைப் பார்த்தார்.

உள்ளே விஜயம் எழுந்து அடுக்களைக்குப் போகும் சத்தம் கேட்டது. வாணலி அடுப்பில் ஏறியது.

"சட்டையை மாட்டிண்டு வரேன், இருங்கோ."

"நீங்க வரக் கூடாது சாமி. தகவல் சொல்லத்தான் வந்தேன். ஜட்ஜ் ஐயா வீட்ல கைப்பிள்ள இருக்கு. அம்மை வீட்டு ஆளக் கூட்டியாந்தா என் வேல போயிரும்."

ஹாலாஸ்யம் கேட்டருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மை இல்லய்யா. சும்மா செருகினேன்."

சிவனாண்டி ஓரடி பின்வாங்கினார். "அப்படிச் சொல்லாதீக சாமி. ஆத்தா கேட்டுக்கிட்டு இருக்கா."

"நிஜமாத்தான்யா! வேணும்னா உள்ள வந்து பாரும்."

"பயத்துல பேசுறீக. மொதல்ல எல்லாரும் இப்படித்தான் இல்ல இல்லம்பாக."

அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். ஹாலாஸ்யம் அப்போதுதான் கவனித்தார். சோலையம்மாள். தலை வாரியிருக்கவில்லை. இடுப்பில் இரண்டு இளநீர்.

"கோர்ட்டுல சாவி குடுக்கையில, உங்க வீட்டுலயும் ஆத்தா வந்திருக்கான்னேன் சாமி," என்றார் சிவனாண்டி. "நானும் வாரேன்னு பின்னாலயே வந்திருச்சு."

யாரும் தொடாத கேட்டை அவள் திறந்தாள். சிவனாண்டி தடுக்கவில்லை. வாசற்படியில் செருப்பை விட்டாள். ஹாலாஸ்யம் கதவை மறித்து நின்றார்.

"நீ வரப்படாதும்மா. உன் குழந்தைக்கு ஒட்டிக்கும்."

அடுக்களையில் கடுகு வெடித்தது.

சோலையம்மாள் இளநீரை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"இது அவளுக்கு வாங்குனதுதான் சாமி, குடிக்காமலே போயிட்டா. உங்க பாப்பா எங்க படுத்திருக்கு?"