பிளாஸ்திரி ஒட்டாத கால்

இந்த முழங்காலிலும் பிளாஸ்திரி இல்லை, அந்த முழங்காலிலும் இல்லை. நர்ஸ் கட்டிலில் படுத்திருந்த பெரியவரின் போர்வையை உதறிப் பார்த்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குப் பட்டப் பெயரே பிளாஸ்திரிதான். கத்திக்கு வருகிற எவரும், வார்டிலேயே தன் கையால், தனக்கு வலிக்கிற இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வர வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி அவள் கொண்டுவந்த வழக்கம் அது. கிறுக்கு என்று எல்லாரும் சிரித்தார்கள்.

கிறுக்கு இல்லை, டிஸ்லெக்சியா. அவள் கண்ணுக்கு எழுத்துகள் ஒரு இடத்தில் நிற்காது. வலதும் இடதும் அப்படித்தான். கடிகாரம் கட்டிய கை இடது என்று வெளியில் சமாளிப்பாள். தியேட்டருக்குள் கடிகாரத்தைக் கழற்றிவிட வேண்டும். பாடங்களைக் கணவன் வாசிக்க, காதால் கேட்டே பரீட்சையில் தேறியவள். அவனைத் தவிர இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும், அந்த வேலையை நம்பித்தான் வீடே நடந்தது.

"ஐயா, பிளாஸ்திரி எங்கே?"

"எந்தப் பிளாஸ்திரிம்மா?" என்றார் பெரியவர். பணிவான மனுஷன். தலைமை நர்ஸ் வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதும் தலையாட்டினார், "ஆபரேஷனுக்குத்தானே?" என்றபோதும் தலையாட்டினார்.

"சரி, விடுங்க. எந்தக் கால் வலிக்குது?"

"ரெண்டுந்தாம்மா. வயசாச்சில்ல?"

"எது ரொம்ப வலிக்குது?"

"நடந்தா இது. உட்கார்ந்தா அது."

கதவைத் திறந்து தலைமை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "டாக்டர் கை கழுவிட்டிருக்கார். இன்னொரு தடவை உன்னால லேட்டாச்சு, நாளையிலேருந்து நீ சலவை அறையில துணி மடிக்க வேண்டியதுதான். சொல்லிட்டேன்."

"இதோ ஆச்சு அக்கா."

ஒன்றும் ஆகவில்லை. ஃபைலைத் திறந்தாள். ஒரு வரியைப் பிடித்தால் அடுத்த வரி வந்து அதன் முதுகில் ஏறியது. பயம் கூடக்கூட அது இன்னும் வேகமாக ஏறியது. ஃபைலை மூடினாள்.

"ஐயா, கொஞ்சம் எழுந்து நடந்து காட்டுங்க. எந்தப் பக்கம் சாயறீங்கன்னு நானே பார்த்துக்கறேன்."

பெரியவர் சந்தோஷமாக எழுந்தார். பின்பக்கம் திறந்த கவுனை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். போகும்போது ஒரு பக்கம் சாய்ந்தார், வரும்போது மறு பக்கம் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து, ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி எலும்பு டாக்டர் உள்ளே வந்தார். பின்னாலேயே தலைமை நர்ஸ்.

"என்ன இது, பூங்காவா?"

"நடக்கச் சொன்னாங்க டாக்டர்" என்றார் பெரியவர்.

"படுக்க வைங்க அவரை! வலது முழங்கால்னு ஃபைல்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மயக்க ஊசிக்கு ஆளைக் கூப்பிடுங்க."

"சார், ரெண்டு காலும் வலிக்குதுங்கறார். ஊசி போடறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு வார்த்தை..."

"உனக்குப் படிக்கத் தெரியாதா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமும் சொன்ன பொய்தான். ஆனால் இன்றைக்கு அது வரவில்லை.

"சரியா வராது சார். எழுத்து நிக்காது. சின்ன வயசிலேருந்தே அப்படித்தான்."

தலைமை நர்ஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"இவளைத் தியேட்டருக்குள்ள விட்டது யார்?" டாக்டர் கதவைக் காட்டினார். "முதல்ல வெளியே போ."

அவ்வளவுதான். முடிந்தது. வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது? கையுறையைக் கழற்றினாள், கண்ணீர் முகமூடிக்குள் இறங்கியது. பெரியவருக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதம்மா. நீ ஒருத்திதான் எங்கிட்டப் பேசினே."

காகிதத்தை நம்ப வழியில்லாமல், எப்போதும் மனுஷர் வாயையே நம்பிப் பழகியவள் அவள். போகிற போக்கில் அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை.

"கால் கிடக்கட்டும் ஐயா. உங்களுக்கு என்னதான் பண்ணுது? எதுக்கு இங்க வந்தீங்க?"

"கண்ணுல புரை எடுக்கத்தாம்மா வந்தேன். காலையும் சேர்த்துப் பார்க்கறாங்களே, எவ்வளவு நல்ல மனசுன்னு நானும் பேசாம படுத்துட்டேன்."