வரிசையக்கா என்னைச் சோறாக நிறுத்தினாள்

மலாக்கா மாநிலத்திலேயே, ஒரு பாஷை பேச மூன்று ஆள் வேண்டும் என்று நம்பியவள் வரிசையக்கா ஒருத்திதான். கோலா சுங்கை பாருவில் மலாய் மீனவர்களோடு வளர்ந்தவள். நியாலாஸ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்க வந்ததும், எங்களுக்கெல்லாம் மலாய் சொல்லித்தரக் கிளம்பிவிட்டாள்.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஆட்களை நிறுத்துவாள்.

"'நான் சோறு தின்னேன்', இது தமிழு. நாந்தான் 'நான்'. ஏய் ஊமச்சி, நீ 'சோறு'. அண்ணே, நீங்க 'தின்னேன்'."

ஊமச்சி நான். அண்ணே என் வீட்டுக்காரர்.

தமிழ் வரைக்கும் எனக்குக் குறையில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் நின்றேன்.

"மலாய்ல தின்னது நடுவுல வரும்லா!" என்று அவரை இழுத்துத் தன் பக்கத்தில் விடுவாள். சோறு ஓரத்துக்குப் போய்விடும். என்னிடம் பல்லே காட்டாத மனிதர் அங்கே முப்பத்திரண்டையும் காட்டுவார். அந்த வயிற்றெரிச்சலிலேயே நான் மலாய் படிக்கவில்லை.

அது வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்து வேலியைத் தாண்டி ஒரு பருக்கை போகக்கூடாது. வீட்டுக்காரர் காய்ச்சலோடு பால்மரம் வெட்டப் போகிறாரே என்று, அவருக்கும் தெரியாமல் ரப்பர் பால் வாளியில் ஒரு பிடி சோறு வைத்தேன். தோட்டத்து வாசலில் மலாய்ப் போலீஸ் பிடித்துவிட்டது. அவரை லாரியில் ஏறச் சொன்னார்கள்.

இடுப்பில் கைப்பிள்ளையோடு ஓடினேன். "சாயா நாசி..." என்றேன். நான், சோறு. அதற்குமேல் வார்த்தை வரவில்லை. 'வைத்தேன்' கடைசியில் எங்கோ கிடந்தது.

பின்னாலிருந்து வரிசையக்கா கத்தினாள். "சாயா லெத்தாக் நாசி!" நான்தான் வைத்தேன் சோறு. சொல்லிவிட்டுத் தானே லாரியில் ஏறிக்கொண்டாள்.

"அடுத்தவ புருசன் வாளியில இவளுக்கென்ன சோறு?" லயத்து வீடுகள் முழுக்க அதே பேச்சு. உண்மை தெரிந்த நானே மூன்று நாள் அதையே நினைத்து வெந்தேன்.

திரும்பி வந்தவளிடம் கேட்டே விட்டேன். "எங்க வீட்டுக்காரருக்காகத்தானேக்கா போன?"

"அந்தக் கருவாட்டு மூஞ்சிக்கா? போடி! நெசத்தச் சொல்லி நீ லாரியில போயிருந்தா, இந்தப் பிள்ளை யாருகிட்ட பால் குடிக்கும்?"

அதற்குப் பிறகும் எனக்குப் பொறாமை தீரவில்லை. வேறு எந்தப் பெண்ணாவது அவளோடு சிரித்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது.