மகாராணி ஊற்றிய தேத்தண்ணி

எங்கள் மலையில் திரிங்காப்பிலிருந்து கம்போங் ராஜா வரை மகாராணியிடம் திட்டு வாங்காத உயிர் ஒன்றுகூடக் கிடையாது. மழையே வாங்கியிருக்கிறது. "பூவ லோரியில ஏத்துற நேரம் பாத்துத்தான் வருவியா, அறிவு கெட்டதே!" என்று அவர் வானத்தைப் பார்த்துக் கத்தினார். மழை நின்றுவிட்டது. தற்செயல் என்று சொல்ல எங்களில் யாருக்கும் தைரியமில்லை.

நான் வேலை பார்த்த பூக்கொட்டகையில் அவர்தான் மேற்பார்வை. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் மகள். ஆள் லோரிச் சக்கர உயரம். குரல் மட்டும் அப்பாவுடையது. செவ்வந்திக் கட்டில் ஒரு காம்பு நீண்டிருந்தால் போதும், கூரைத் தகரம் அதிரும். ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். திட்டி முடித்த கையோடு பிளாஸ்கைத் திறந்து, திட்டு வாங்கியவருக்குத் தேத்தண்ணி ஊற்றுவார். பெரிய திட்டு என்றால் சீனி ஒரு கரண்டி கூட விழும்.

மகாராணி என்று பட்டப்பெயர் வைத்தது லோரி டிரைவர் செல்வம். அவன் மகள் ஓயாமல் பார்க்கும் கார்ட்டூன் படத்தில் ஒரு மகாராணி உண்டு. குட்டை, முன்கோபி, தும்மிய தவளையைக்கூடச் சிறையில் போடுபவள். இவரோ அதை மரியாதைப் பட்டம் என்றே நம்பிவிட்டார். "ஏதோ பாசத்துல கூப்புடுதுங்க லா" என்று, எங்கள் ஊர்ப் பேச்சின் "லா"வோடு, வெட்கப்படுவார். அந்த வெட்கத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஒரு கிறிஸ்மஸுக்கு சர்ச் ஹாலில் பிள்ளைகளுக்காக அதே படத்தைப் போட்டுத் தொலைத்தார்கள். முன்வரிசையில் மகாராணி. அந்தக் குளிரிலும் செல்வத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

"அக்கா, கறி ஆறிடும். சாப்புடப் போலாம்" என்றேன்.

"படத்துல என் பேரச் சொல்றாங்க. நீ உக்காரு லா!"

திரையில் ராணி காவலனை உதைத்தாள், சமையல்காரனைத் துரத்தினாள். கடைசியில் தவளைகள் ஒன்றுகூடி அவளைக் குளத்தில் தள்ளின. பிள்ளைகள் கைதட்டினார்கள். மகாராணி மெல்லத் திரும்பிச் செல்வத்தைப் பார்த்தார்.

"இவ பேரத்தான் எனக்கு வச்சியா?"

செல்வம் நைசாக நாற்காலியை ஓர் அடி பின்னால் தள்ளினான்.

"அறிவிருக்கா உனக்கு? அவளும் நானும் ஒண்ணா? அவ்ளோ பேரத் திட்டுறா, ஒருத்தனுக்காவது தேத்தண்ணி குடுத்தாளா? அதான் புடிச்சுத் தள்ளிட்டாங்க!"

அங்கே தொடங்கியவர் செல்வத்தின் பரம்பரை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, சர்ச்சுக்கும் கூடவே வந்திருந்த பிளாஸ்கையும் சீனி டப்பாவையும் திறந்தார். சீனியை அள்ளி அள்ளிப் போட்டார்.

"இந்தா, குடி. நாளைக்கும் மகாராணின்னே கூப்புடு. பழகிப்போச்சு."

இப்போது நான் மலையிறங்கி, ஈப்போ நகரத்தில் ஓர் ஆபீசில் இருக்கிறேன். மேனேஜர் தங்கமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். தேத்தண்ணியை நானேதான் கலக்கிக்கொள்கிறேன். எவ்வளவு சீனி போட்டாலும் இனிப்பு ஏறுவதில்லை. மகாராணி வந்து ஒருமுறை நன்றாகத் திட்டினால் தேவலை.